கணிகண்ணன் பின்னால் போனவர்கள்

காஞ்சிபுரம் திருவெஃகா கோயிலில் பெருமாள் வழக்கத்துக்கு மாறாகத் திசை திரும்பிப் படுத்திருக்கிறார். அதற்குத் தலபுராணம் சொல்லும் காரணம் ஒரு மறுப்பு. தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னான் பல்லவ மன்னன். கணிகண்ணன் மறுத்தான், நாடு கடத்தப்பட்டான். குருவான திருமழிசையாழ்வார் அவனோடு கிளம்பினார். அவர் சொல்லுக்கிணங்கப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். மன்னன் பணிந்தபின் திரும்பிவந்து படுத்தபோதுதான் திசை மாறியதாம். இது வரலாறல்ல, ஆனாலும் கதையைக் கட்டியவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. கணிகண்ணன் தனியாகப் போயிருந்தால் மன்னனின் தூக்கம் கெட்டிருக்காது. கோயிலும், மறுத்தவனைவிட உடன் போனவரைத்தான் கொண்டாடுகிறது: அங்கே பெருமாளின் பெயரே சொன்னவண்ணம் செய்த பெருமாள்.

அதிகாரத்துக்குப் பணியாதவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே நெஞ்சுரம், பிறவிக் குணம் என்று போய்விடுகிறோம். 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனைகள் வேறு கணக்கைக் காட்டுகின்றன. தவறாகப் பதில் சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்வார் ஆய்வாளர். அடுத்த அறையில் கேட்கும் அலறல் நடிப்பு என்று பங்கேற்பவருக்குத் தெரியாது. தனியாக உட்கார்ந்த 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரை போனார்கள். இன்னொரு முறை, பக்கத்தில் இருந்த இருவர் பாதியிலேயே எழுந்துகொள்ளும்படி ஏற்பாடு. அப்போது கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4 பேர்தான். தனியாகவே மறுத்த 14 பேரின் குணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள அந்த 22 பேர் வீரர்களும் அல்ல, கோழைகளும் அல்ல, நம்மைப் போன்றவர்கள். யாரோ எழுந்தால் எழுவார்கள்.

ஆய்வுக்கூட நாடகம் வாழ்க்கையாகுமா என்று கேட்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரத்தைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில், ஊர் நிலங்களை எடுக்கும் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபின், வயல்வேலையும் கூலிவேலையும் முடித்த மக்கள் இரவில் கூடி உட்காரத் தொடங்கினார்கள். கிராமசபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். இத்தனை காலம் தாக்குப்பிடிக்க அவர்கள் தனிப் பிறவிகளாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஒருவராக நிலமெடுப்பு நோட்டீஸைப் படிப்பதும், அதையே இரவில் தெருவில் பத்துப் பேரோடு படிப்பதும் ஒன்றல்ல.

வலுவான ஆட்சேபம் வேறு. ஊர் கூடினால் அதுவே ஒரு அரசாங்கம் ஆகிவிடாதா? ஊர்க் கட்டுப்பாட்டின் பெயரால் சாதி செய்த கொடுமைகளை அறிந்த எவரும் இதைத் தள்ளிவிட முடியாது. பரந்தூர் திட்டத்துக்கும் வேறு சில கிராமங்களில் 2025-இல் சிலர் நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். மகள் கல்யாணமோ கடனோ, அவரவர் நியாயம் அவரவருக்கு. அவர்களை ஒதுக்கிவைத்தால் ஊரும் பல்லவ மன்னனாகிவிடும். ஆனால் மில்கிராமின் அறையில் எழுந்த இருவரும் மூன்றாமவரை மிரட்டவில்லை. எழலாம் என்று காட்டினார்கள், அவ்வளவுதான். துணைக்கும் கட்டாயத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கே இருக்கிறது. கட்டாயத்துக்கு அஞ்சி அரசு துணையையே சந்தேகிப்பதில் நியாயமில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு ஒவ்வொருவராக வந்து போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் அரசு, கிராமசபையில் கூடிப் போட்ட கையெழுத்தையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.