இல்லத்தில் ஆரோக்கியம்: சாடித் தண்ணீர் குழந்தைக்கு ஆகுமா?

"ஏனுங்கக்கா, உப்புல புளிச்ச காய்த் தண்ணியில நல்ல கிருமி இருக்குதாமே, பாப்பாவுக்கு ரெண்டு சொட்டு விடலாங்களா?"

பீளமேட்டில் எங்கள் தெருவிலுள்ள ஓர் இளம் தாய் கேட்டாள். குழந்தைக்கு இரண்டு மாதம். "வேண்டாம் கண்ணு" என்றேன். ஏன் வேண்டாம் என்பது உங்களுக்கும் தெரியவேண்டும், சகோதரிகளே.

காய்களின் மேல் இயற்கையாகவே லாக்டிக் அமிலக் கிருமிகள் உண்டு. பாலைத் தயிராக்கும் கிருமிகளுக்குப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயை உப்புத் தண்ணீரில் அமுக்கி வைத்தால், அழுகச் செய்யும் கிருமிகள் அடங்கிவிடும். இவை உப்பைத் தாங்கி வளர்ந்து, காயிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும். அந்தப் புளிப்பே காயைக் கெடாமல் காக்கும். வினிகர் ஊற்றிய காயின் புளிப்பு வேறு, அது வினிகருடையது.

செய்வது சுலபம். மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வரும் ஊட்டி காரட், முள்ளங்கி, முட்டைக்கோஸ் எதுவானாலும் சரி. கழுவி நறுக்கிய காய் அரை கிலோ, காய்ச்சி ஆறிய தண்ணீர் அரை லிட்டர், கல் உப்பு 30 கிராம். உப்பைக் கண் திட்டமாகப் போடாமல் நிறுத்துப் போடுங்கள். சுத்தமான சாடியில் காய் தண்ணீருக்கு மேலே தலைகாட்டாதபடி சிறு தட்டை வைத்து அமுக்கி, மூடியை இறுக்காமல் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு மூன்று நான்கு நாளில் நுரை கட்டிப் புளித்துவிடும். பிறகு ஃபிரிட்ஜில் வைக்கலாம். பஞ்சு போலப் பூஞ்சை பிடித்தாலோ, அழுகல் வாடை வந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கிருமிகள் செத்துப்போகும். அப்படியே தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சாடியில் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் கிருமிகளில் ஒன்று 'பிளான்டேரம்'. அதே இனத்தை வைத்து ஒரிஸாக் கிராமங்களில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. 4,556 பச்சிளங்குழந்தைகளில் ஒரு பாதிக்கு, ஏழு நாள், தாய்ப்பாலோடு அந்தக் கிருமியும் அதற்கு உணவான ஒருவகைச் சர்க்கரையும் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவும் 'செப்சிஸ்' நோயோ மரணமோ நேர்ந்தது, கொடுக்காத குழந்தைகளில் 100-க்கு 9. கொடுத்த குழந்தைகளில் 5.4. 2017-ல் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

"அப்போ நம்ம சாடியிலயும் அதுதானேங்க?" என்று கேட்பீர்கள். இனம் ஒன்றுதான், ஆள் வேறு. ஒரே ஜாதிக் கொடியில் காய்த்தாலும் ஒரு பாகற்காய் போல இன்னொன்று இருப்பதில்லையே! அங்கே கொடுத்தது, தேர்ந்தெடுத்துச் சோதித்த ஒரே வகை, அளந்த அளவு, டாக்டர்களின் கண்காணிப்பு. நம் சாடியில் எது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு உப்பு; அதைத் தாங்கும் சிறுநீரகம் கைக்குழந்தைக்கு இல்லை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். கடையில் விற்கும் 'ப்ரோபயாடிக்' சொட்டு மருந்தானாலும் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். குறைமாதக் குழந்தையென்றால் இன்னும் ஜாக்கிரதை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலோடு டாக்டரிடம் ஓடுங்கள். சாடியைத் தேட வேண்டாம்.

பெரியவர்களும் அளவோடு சாப்பிடவேண்டும். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் காயில் 50 கிராம் தின்றாலே ஒன்றரை கிராம் உப்பு உள்ளே போய்விடும். ரத்தக்கொதிப்பு உள்ள மாமனார் மாமியாருக்கு ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ருசிக்கும் ஜீரணத்துக்கும் சாடி இருக்கட்டும். மருந்து என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

அடுத்த இதழில், கம்பங்கூழ் புளிக்கும் பக்குவம்.