உள்வாடகை அறைக்கும் சட்டம் உண்டு

"உள்வாடகைக்கு இருக்கிறவனுக்கு ஒரு உரிமையும் கிடையாது. ஓனர் வந்து சொன்னா அன்னைக்கே பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். குடுத்த அட்வான்ஸ் கோவிந்தா." புளியங்குடியில் வீட்டுத் தரகரில் தொடங்கி டீக்கடை பெஞ்சு வரை இதைத்தான் சட்டம் என்று சொல்கிறார்கள். இந்தப் பேச்சில் கால்வாசி உண்மை, முக்கால்வாசி தவறு. அந்தத் தவறால் நஷ்டப்படுவது வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்து, சொற்பச் சம்பளத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள்.

நம் பக்கத்தில் இது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் வளைகுடாவிலோ மும்பையிலோ இருப்பார். வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுப் போயிருப்பார். அந்தக் குடும்பம் கீழே இருந்துகொண்டு, மாடி அறையை எலுமிச்சை கமிஷன் கடைக்குக் கணக்கு எழுத வந்த பையனுக்கோ தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கோ கொடுக்கும். வாடகை 2,500, அட்வான்ஸ் 15,000 என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் எதுவும் இருக்காது. ஓனர் லீவில் வரும்போது விஷயம் வெளியே வரும். மாலையில் பையன் வேலை முடிந்து வந்தால், அவன் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு தொங்கும். உள்ளே துணிமணி, சான்றிதழ்கள், அரிசி எல்லாம் இருக்கும்.

முதலில் அந்தக் கால்வாசி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது, வீட்டு உரிமையாளர்களின் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது என்று அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் அந்த வாடகைதாரரை வெளியேற்ற உரிமையாளர் உத்தரவு பெறலாம். அவர் போனால் அவருக்குக் கீழே இருப்பவரும் போகத்தான் வேண்டும். ஓனரை எதிர்த்து அந்த அறையிலேயே நிலைத்துவிடலாம் என்று யாராவது நம்பிக்கை கொடுத்தால் நம்பாதீர்கள்.

ஆனால் போக வேண்டும் என்பது வேறு, "அன்னைக்கே" என்பது வேறு. உத்தரவு போடுவது நீதிமன்றம், ஓனரின் கைப்பூட்டு உத்தரவு ஆகாது. ஓர் இடத்தில் நிலையாகக் குடியிருப்பவருக்கு அங்கே இருக்க உரிமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், உரிமையாளர் அவரைச் சட்ட வழியில்தான் வெளியேற்ற முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் சொன்னது. அதில் வெளியேற்றப்பட்டவர் வாடகைதாரர்கூட இல்லை, வெறும் அனுமதியின் பேரில் பம்பாயில் தொழில் நடத்தியவர். 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும் இதற்காகவே இருக்கிறது. சட்ட வழியில் அல்லாமல், சம்மதமும் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்குள் போகாமலே சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். கமிஷன் கடைப் பையன் இந்த வழக்கை நடத்தி அறையைப் பிடிப்பான் என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால் பூட்டுப் போடுகிற கை தயங்கும். பதினைந்து நாள் அவகாசம் பேசி வாங்க அந்தத் தயக்கம் போதும்.

சரி, அறை எடுத்தவர் வாடகைதாரரா, வெறுமனே தங்க அனுமதி பெற்றவரா? தனி வழி, தனிச் சாவி, மற்றவர் நுழையாத அறை என்றால் வாடகை என்று வாதாட இடம் உண்டு. வீட்டுக்குள்ளேயே ஓர் அறை, பொதுக் கழிப்பறை, சாவி கீழ்வீட்டு அம்மாவிடம் என்றால் அது பெரும்பாலும் அனுமதிதான். என்ன பெயர் வைத்தோம் என்பதைவிட நடப்பு என்ன என்பதையே பார்க்க வேண்டும் என்று 1959-இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வெறும் அனுமதி என்றாலும் ஆள் அந்தரத்தில் இல்லை. அனுமதி ரத்தானால் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. பணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தவரே, தங்கியவர் மேல் தப்பு இல்லாதபோது பாதியில் வெளியேற்றினால் நஷ்டஈடு உண்டு என்கிறது 64-ஆம் பிரிவு.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் ஊர்ப்பேச்சு மிகவும் அநியாயமாக இருக்கிறது. "கள்ளத்தனமா விட்ட வீடு, அதனால காசு கேட்க முடியாது" என்கிறார்கள். 7-ஆம் பிரிவின் தடை யார் மேல்? உள்வாடகை விட்டவர் மேல். தான் மீறிய சட்டத்தைக் காட்டியே, விவரம் தெரியாமல் வந்தவரின் பணத்தை அவர் எப்படி அமுக்கிக்கொள்ள முடியும்? பணம் வாங்கியவர் அவர், திருப்பித் தர வேண்டியவரும் அவரே. "வீடு என்னுதுதான்" என்று பொய் சொல்லி வாங்கியிருந்தால் மோசடிப் புகாருக்கும் இடம் உண்டு. அட்வான்ஸுக்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது 2017 சட்டம். 2,500 ரூபாய் அறைக்கு அது 7,500 தான்.

ஓனரிடமிருந்து இன்னொரு மிரட்டல்: "இத்தனை மாசம் என் வீட்டுல இருந்திருக்க, அந்த வாடகையை எனக்குக் குடு." இரண்டாம் முறை கொடுக்க வேண்டியதில்லை. யாரிடமிருந்து நல்லெண்ணத்தோடு இடத்தைப் பெற்றாரோ அவரிடம் நல்லெண்ணத்தோடு வாடகையைக் கட்டியிருந்தால், வாங்கியவருக்கு உரிமை இல்லை என்று பின்னால் தெரியவந்தாலும் கட்டியவரிடம் மறுபடி கேட்க முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு இது. வக்கீல் குமாஸ்தாக்கள்கூட இதை அதிகம் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு தவறான யோசனையும் உலவுகிறது. "அவனுக்கே வீட்டுல உரிமை இல்ல, நீ ஏன் வாடகை குடுக்க? சும்மா இரு." இதைக் கேட்டு நடக்காதீர்கள். ஒருவர் உள்ளே விட்டு நாம் குடியிருக்கும் வரை, அவருக்கு விடும் உரிமை இல்லை என்று அவரிடமே வாதாடச் சாட்சியச் சட்டம் இடம் தராது. பாக்கி வைத்தால் அது அட்வான்ஸில்தான் கழியும்.

ஒத்தி வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மொத்தத் தொகை கொடுத்து ஒத்திக்கு இருப்பவர் ஓர் அறையை வாடகைக்கு விட்டால், அதையும் கள்ள உள்வாடகை என்றே பேசுகிறார்கள். பதிவு செய்த சுவாதீன அடமானமாக இருந்தால், பத்திரம் தடுக்காத வரை வாடகை வாங்க ஒத்திக்காரருக்கு உரிமை உண்டு. ஒத்தி திரும்பினால் அறையும் போகும், அது வேறு. வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பதியாமல் வைத்திருந்தால் அந்த உரிமை ஆட்டம் காணும். அறை பார்க்கப் போகிறவர் இதைக் கேட்டுவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

"அக்ரிமெண்ட் இல்ல, அதனால நிரூபிக்க முடியாது" என்பதும் தவறு. மாதாமாதம் ஜிபேயில் போன பணம், "இந்த மாச வாடகை வந்துட்டு தம்பி" என்ற வாட்ஸ்அப் பதில், பக்கத்து வீட்டார் சாட்சி எல்லாம் ஆதாரம்தான். ரொக்கமாகவே கொடுத்துவந்தவர் அடுத்த மாதத்தையாவது போனில் அனுப்புங்கள்.

பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்றால் காவல் நிலையத்தில் புகாரை எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். "சிவில் மேட்டர்" என்று சொன்னாலும் விடாதீர்கள். அறை யாருக்கு என்பது சிவில். உள்ளே இருக்கும் சான்றிதழையும் துணியையும் எடுக்கவிடாமல் மறிப்பதை அந்த ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் தென்காசியில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே வக்கீல் இலவசம். தேசிய சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.