நுரையில் வெறி இல்லை

வன்னியில் கள்ளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் நீதிபதிகள். பிளாவில் வார்த்ததும் நுரை விளிம்பு தாண்டி வழிந்தால் "சாமான் திறம்" என்பது தீர்ப்பு. நுரை சோர்ந்திருந்தால் "தண்ணி விட்டிட்டான்." போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனதைத் திறக்கும்போது மூடி தெறித்துக் கூரைத் தகரத்தில் அடித்தால் இன்னும் விசேஷம். அரைப் போத்தல் சுவரிலும் சறத்திலும் போயிருக்கும். மிச்ச அரையைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தியளே, எவ்வளவு வெறியான கள்ளு!" என்று பெருமைப்படுவார்கள். பரந்தன், முள்ளியவளை, நெடுங்கேணி, எந்தத் தவறணையடியில் காது கொடுத்தாலும் சட்டம் ஒன்றுதான்: நுரை கூடினால் வெறி கூட, போத்தல் வெடித்தால் கலப்படமில்லாத கள்ளு.

இரண்டும் பொய். ஊர் முழுக்க நம்புகிறது என்பதற்காக மரியாதை கொடுக்கவேண்டிய பொய்யும் அல்ல. கண்ணாடிச் சில்லைப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே எறியக்கூடிய பொய் இது.

மதுக்கடை அலுமாரியைப் பாருங்கள். தென்னஞ்சாராயத்தில் மதுசாரம் நூற்றுக்கு 33 பங்குக்கு மேல். அது ஒரு குமிழி விடாது. கசிப்பு அதைவிட மூர்க்கம், அதுவும் நுரைக்காது. பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கும் சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்தால் முகமெல்லாம் நனையும், அதிலோ வெறி என்பது மருந்துக்கும் இல்லை. நுரையும் வெறியும் ஒன்றென்றால் சோடா குடித்தவன் தெருவில் விழவேண்டும், சாராயம் குடித்தவன் நேரே வீடு போய்ச் சேரவேண்டும். நடப்பது வேறு என்று குடிக்கிறவர்களின் மனைவிமாருக்கு நன்றாகவே தெரியும்.

இந்த நம்பிக்கை முழுக்க ஆகாயத்தில் கட்டியதல்ல. அதற்கு ஒரு வேர் இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும் நீர் வெறும் இனிப்புத் தண்ணீர். ஒரு இலீற்றரில் நூறு கிராமுக்கு மேல் சீனி. முட்டியின் மண் துளைகளில் முந்திய கள்ளின் மதுவம், அதாவது ஈஸ்ட், ஒட்டியிருக்கிறது. அது சீனியைத் தின்று ஏறக்குறைய சரிபாதியாக இரண்டு பொருள்களை வெளிவிடுகிறது: ஒன்று மதுசாரம், மற்றது காபனீரொட்சைட்டு வாயு. ஒரு கிராம் மதுசாரம் பிறக்கும்போது கிட்டத்தட்ட ஒரு கிராம் வாயுவும் பிறக்கிறது. இது வேண்டாமென்றால்தான் கருப்பணி இறக்குகிறவர் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசி மதுவத்தின் வாயைக் கட்டுகிறார்.

அப்படியானால் நுரை வெறியின் அடையாளந்தானே என்று கேட்பார்கள். இல்லை. பிறந்தது இரண்டும் சேர்ந்துதான். தங்குவது ஒன்று மட்டும். மதுசாரம் கள்ளுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. வாயு போய்விடுகிறது. ஒரு இலீற்றர் கள்ளு புளித்து முடிவதற்குள் இருபத்தைந்து இலீற்றருக்கு மேல் வாயு காற்றோடு போயிருக்கும். ஆக, நுரை சொல்வது இவ்வளவுதான்: இப்போது இதற்குள் வேலை நடக்கிறது, சீனி இன்னும் முடியவில்லை. சீனி முடியவில்லை என்றால் வெறியும் முழுதாக ஏறவில்லை. நுரை அடங்கிய கள்ளுத்தான் ஏறி முடிந்த கள்ளு. அதற்குப் பிறகு அது புளிப்பை நோக்கிப் போகும், கடைசியில் வினாகிரியாகும்.

இதைக் கசிப்புக் காய்ச்சுகிறவனைக் கேட்டால் ஒரு வரியில் சொல்வான். பரலில் புளிக்கவைத்த கோடா கொதிப்பதுபோலப் பொங்கிக்கொண்டிருக்கும்போது அவன் அடுப்பு மூட்டுவதில்லை. அது பொங்கி ஓய்ந்து அமைதியாகும் வரை பற்றைக்குள் பொலிசுக்குப் பயந்துகொண்டே காத்திருப்பான். பொங்கும்போதே காய்ச்சினால் சீனிக் காசு நட்டம் என்று அவனுக்குத் தெரியும். சட்டத்துக்கு ஒளிந்து திரிகிறவனுக்கு விளங்கியது, தவறணையில் காசு கொடுத்துக் குடிக்கிற கனவானுக்கு விளங்கவில்லை.

"எங்கடை அப்பு ஆச்சி காலத்திலயிருந்து நுரைதான் கணக்கு" என்ற வாதம் ஒன்று உண்டு. அந்த அப்பு ஆச்சி காலத்துப் பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். முட்டி, பானை, சுரைக்குடுவை, பனையோலைப் பிளா. ஒன்றுக்காவது இறுகிய மூடி இருந்ததா? அத்தனையும் வாய் திறந்தவை. வாயு பிறக்கப் பிறக்கப் போய்க்கொண்டேயிருந்தது. அவர்கள் கண்ட நுரை பிளாவின் விளிம்பில் சிரித்துவிட்டு அடங்குகிற நுரை. காலையில் இறக்கிய கள்ளு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல அடையாளமாகவும் இருந்தது. அந்த அளவில் அவர்கள் சொன்னது சரி. தெறிக்கும் மூடியும் வெடிக்கும் கண்ணாடியும் அவர்கள் அறியாதவை. சாராயப் போத்தலும் பியர்ப் போத்தலும் கழுவி மறுபடி நிரப்பப்பட்ட காலத்தில், திருகுமூடியோடு வந்த சங்கதி அது. அதை மரபு என்று சொல்வது மரபுக்குச் செய்யும் அநியாயம். சீவல் தொழிலாளி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகும் பிளாஸ்டிக் கானின் மூடியில் ஒரு ஓட்டை போட்டிருப்பார். அல்லது மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்திருப்பார். வழியெல்லாம் சொட்டினாலும் பரவாயில்லை என்று விடுவார். மரபு அவர் கையில் இருக்கிறது. அந்த ஓட்டையை அடைத்து, "காஸ் போகாமல் இறுக்கித் தாங்கோ" என்று கேட்பவர் கொழும்புக்குப் பார்சல் கொண்டுபோகிற ஆள். பஸ் வவுனியா தாண்டுவதற்குள் முன்சீட்டுக்காரரின் முதுகு நனைவது அவரால்தான்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் இந்த வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 625 மில்லிலீற்றர் பியர்ப் போத்தல் ஒன்றில் மூன்று தேக்கரண்டி, அதாவது பன்னிரண்டு கிராமளவு சீனி தின்னப்படாமல் மிச்சமிருக்கும் கள்ளை அடைத்து இறுக்கி மூடுகிறோம் என்று வைப்போம். மதுவம் அதை உள்ளேயே தின்று முடிக்கும். வன்னி வெயிலில், 30 பாகை வெப்பத்தில், அந்தப் போத்தலுக்குள் அமுக்கம் ஏறக்குறைய ஏழு வளிமண்டலத்துக்குப் போகும். கார் ரயரில் அடிக்கும் காற்றைப்போல மூன்று மடங்கு. ரயர் றப்பர், இது பலமுறை அடிபட்டு, கீறுப்பட்டு, கழுவி வந்த கண்ணாடி. வழக்கமான பியருக்கு வேண்டிய வாயுவுக்கு அதே போத்தலில் ஒன்றரைத் தேக்கரண்டிச் சீனியே போதும். ஆக, பியருக்கும் குண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒன்றரைத் தேக்கரண்டிச் சீனி.

அந்த மேலதிக ஒன்றரைத் தேக்கரண்டி எவ்வளவு வெறியைக் கூட்டும்? மதுசாரம் நூற்றுக்கு அரைப் பங்கிலும் சற்றுக் கூட. எந்த நாக்கும் அதைக் கண்டுபிடிக்காது. கண்ணாடி கண்டுபிடித்துவிடும்.

வெப்பம் இதில் மோசமான கூட்டாளி. காபனீரொட்சைட்டு குளிரில் நன்றாகக் கரையும், சூட்டில் வெளியே ஓடப் பார்க்கும். அதே போத்தல் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தால் அமுக்கம் பாதியாகிவிடும். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் போத்தலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது வெடித்தால் ஒன்று மட்டும் வெடிக்காது. பக்கத்தில் நிற்பவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். அறையில் புளிச்ச நாற்றம் கிழமைக்கணக்கில் நிற்கும். எறும்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்துகொண்டேயிருக்கும். அதெல்லாம் கூட்டிக் கழுவினால் தீரும் தொல்லை. கண்ணில் ஏறிய சில்லைக் கழுவ முடியாது.

பிரெஞ்சுக்காரர்களும் ஒரு காலத்தில் இதே பைத்தியத்தில் இருந்தவர்கள்தான். சம்பேன் நிலவறைகளில் போத்தல்கள் சரம்சரமாக வெடித்தன. தொழிலாளர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களைக் காப்பாற்றியது சாலோன் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர். பிரான்சுவா என்ற அந்த மனிதர் 1836இல், வைனில் மிச்சமிருக்கும் சீனியை அளந்து, அதன்படி எவ்வளவு சீனி சேர்க்கலாம் என்று கணக்கிட வழிகாட்டினார். தடித்த கண்ணாடியும் இந்தக் கணக்கும் சேர்ந்த பிறகுதான் சம்பேன் தொழில் நிமிர்ந்தது. இன்று அந்தப் போத்தலுக்குள் ஆறு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது; அதற்கென்றே வார்த்த கனத்த போத்தல், கம்பியால் கட்டிய தக்கை. நாமோ அதைவிடக் கூடிய அமுக்கத்தைப் பழைய பியர்ப் போத்தலுக்குள் ஏற்றிவிட்டு, "திறம்" என்கிறோம்.

காயத்தை விட எனக்குக் கூடக் கோபம் வருவது இன்னொரு விசயத்தில். நுரையைக் கேட்டு வாங்குகிறவனுக்கு நுரையை விற்பது மகா சுலபம். தண்ணீர், சீனி, வெதுப்பகத்து ஈஸ்ட். ஒரு இரவு போதும். எந்த மரத்திலும் ஏறாமல், எந்தப் பாளையும் சீவாமல், பொங்கிப் பொங்கி வழியும் ஒரு திரவம் தயாராகிவிடும். இலங்கையின் தென்மேற்குக் கரையில் செயற்கைக் கள்ளு மதுவரித் திணைக்களத்துக்குப் பெரிய தலையிடி. அங்கேயும் நுரை குறைவில்லாமல் வந்தது. நுரை தூய்மைக்குச் சாட்சி என்று நீங்கள் சொல்லும்போது, கலப்படக்காரனுக்கு நீங்களே ஓடர் கொடுக்கிறீர்கள். அவன் கேட்டதைக் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

மறுபக்கத்தில், நேர்மையாக இறக்கி, நொதிக்கவிட்டு, சூடாக்கி அடைத்த போத்தல் கள்ளை "செத்த கள்ளு", "மருந்தடிச்சது" என்று தள்ளிவைக்கிறார்கள். அதில் மருந்து ஒன்றும் இல்லை. 1860களில் லூயி பாஸ்டர் வைனுக்குச் செய்ததையே கள்ளுக்குச் செய்கிறார்கள்: அறுபது பாகை அளவில் சிறிது நேரம் சூடு காட்டினால் மதுவம் செத்துவிடும், பிறகு போத்தலுக்குள் வாயு பெருகாது. செத்தது மதுவம், கள்ளு அல்ல. மதுசாரம் அப்படியே இருக்கிறது. ருசி கொஞ்சம் மாறுகிறது, உண்மை. காலையில் மரத்தடியில் குடிக்கும் உடன்கள்ளின் வாசம் அதில் வராது. அந்தக் குறையைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். "காஸ் இல்லை, அதனால் வெறி இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். புலம்பெயர்ந்த தமிழர் ஊரில் கடை அடுக்குகளில் நிற்பது இந்தச் சூடு காட்டிய கள்ளுத்தான். உயிர்க்கள்ளைக் கொள்கலனில் ஏற்றினால் கப்பல் கரை சேருமுன் போத்தல் மிஞ்சாது.

போரில் தலை பறந்த பனைகளை வன்னியில் இன்றும் காணலாம். பதுங்குகுழிக்குக் குற்றியாகப் போனவை எத்தனையோ. விதைத்த பனை பாளை தர ஒரு பிள்ளை பெரிய வகுப்புக்குப் போகும் காலமாகும். மிஞ்சிய மரத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறக்கியதில் அரைவாசியைச் சுவருக்கு ஊற்றிவிட்டு அதைப் பெருமை என்று சொல்வது சீவல்காரரின் உழைப்பை அவமதிப்பது. பியரோ மறுபக்கத்தால் வந்துகொண்டிருக்கிறது. கிளிநொச்சி மாதிரிச் சிறிய மாவட்டத்துக்கு வழங்கிய மதுக்கடை அனுமதிகளின் கதை 2024 டிசம்பரில் பாராளுமன்றம் வரை போனது. அந்தப் போட்டியில் கள்ளு நிற்கவேண்டுமென்றால் வெடிக்காத, ஒரே தரமான போத்தலோடுதான் நிற்க முடியும்.

ஒரு எதிர்வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். வாயு கலந்த மது சிலருக்கு இரத்தத்தில் விரைவாக ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "நுரைக்கள்ளு டக்கெண்டு ஏறுது" என்பவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் விரைவாக ஏறுவது வேறு, கூட ஏறுவது வேறு. போத்தலில் இருந்த மதுசாரம் இருந்ததுதான். வெறும் வயிற்றில் குடித்தாலும் டக்கென்றுதான் ஏறும். அதற்காகப் பட்டினியைக் கள்ளின் தரம் என்று எவரும் சொல்வதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு மதுக்கடைகளை மூடியபோது, நாடு முழுக்க வீட்டுக்குள்ளே அன்னாசித் தோலும் சீனியும் ஈஸ்டும் போத்தல்களுக்குள் போயின. அனுமதியில்லாமல் நொதிக்க வைப்பது 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம் என்பது ஒருபுறம். அவர்களும் இதே நம்பிக்கையோடுதான் மூடியை இறுக்கினார்கள்: காஸ் போனால் வெறி போய்விடும் என்று. வாயு போவதால் மதுசாரம் போவதில்லை. ஒரு துணியைக் கட்டி வாயைத் திறந்து விட்டிருந்தால் கிடைத்திருக்கும் வெறியும் ஒன்றுதான்.

செய்யவேண்டியது பெரிய வித்தையல்ல. அடர்த்தி பார்க்கும் மிதவைக் கண்ணாடிக் குழாய் ஒன்று ஒவ்வொரு தவறணையிலும் இருக்கட்டும். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது, கைதடியில் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இதை வாங்கிக் கொடுத்துப் பழக்குவது அவர்களால் முடியாத காரியமல்ல. மரத்திலிருந்து இறங்கும் நீரில் அந்தக் குழாய் 1.050க்குக் கிட்ட மிதக்கும். சீனி தீரத் தீரத் தாழ்ந்து 1.000க்கு அருகில் வந்து நிற்கும். இரண்டு நாள் அடுத்தடுத்து ஒரே எண்ணைக் காட்டினால் மூடலாம். அதற்குள் புளிப்பு ஏறிவிடும் என்று பயந்தால் சூடு காட்டி மூடலாம். இரண்டும் செய்யாதவர் கண்ணாடியைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் விட்டு, மூடியைத் தளர்த்தி, அன்றைக்கே குடித்து முடிக்கவேண்டும். பிளாஸ்டிக் போத்தலைக் கையால் அமத்திப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கண்ணாடி முன்கூட்டி ஒன்றும் சொல்லாது.

ஏற்கெனவே இறுக்கி அடைத்த கண்ணாடிப் போத்தல்கள் வீட்டில் நிற்கின்றனவா? அவற்றைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்காதீர்கள், வெயிலுக்கும் கொண்டுவராதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், ஈரச்சாக்கைப் போர்த்து, முகத்தை விலக்கி, சாக்குக்கு மேலாலேயே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நுரை போகட்டும், விடுங்கள்.