வரிச்சலுகை யார் வீட்டு வாசலில் இறங்குகிறது?

சோலாருக்கும் காற்றாலைக்கும் அரசாங்கம் வரிச்சலுகை தருகிறது என்று பத்திரிகைகள் பாராட்டுகின்றன. அந்தச் சலுகை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே நம் கேள்வி.

கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து ஓடந்துறை என்றொரு ஊராட்சி. 2006-ல் அது 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய். பெரும்பகுதி வங்கிக் கடன். ஊர்த்தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றே கடனை அடைத்தார்கள்.

அதே காலத்தில் மில் முதலாளிகளும் காற்றாலை வாங்கினார்கள். அவர்களுக்கு முதல் வருஷமே 80 சதவீதம் தேய்மானக் கழிவு. ரயில்வே ஆபீசில் பேரேடு எழுதும் நமக்குத் தேய்மானம் புதிய சொல் அல்ல. ஆனால் இந்த வேகத்தில் தேயும் இயந்திரத்தை நாம் கண்டதில்லை! 1 கோடி ரூபாய் காற்றாலைக்கு 80 லட்சத்தை லாபத்தில் கழிக்கலாம். 30 சதவீத வரி என்று வைத்தால், 24 லட்சம் மிச்சம். பின் வருஷங்களில் கழிவு குறையும் என்பது உண்மைதான். ஆயினும் அதுவரை கையில் நிற்கும் 24 லட்சத்துக்கு வட்டி கிடையாது. ஓடந்துறையோ வட்டி கட்டியது. ஊராட்சிக்கு வருமானவரியே இல்லை. கழிப்பதற்கு என்ன இருக்கிறது?

2017 ஏப்ரலிலிருந்து கழிவு 40 சதவீதமாகக் குறைந்தது. அளவுதான் குறைந்தது, ஆள் மாறவில்லை.

நம்மைத் தொடுவது சரக்கு மீதான வரி. சோலார் கருவிகளுக்கு 2021 அக்டோபரில் ஜி.எஸ்.டி. 5-லிருந்து 12 சதவீதமானது. 2025 செப்டம்பர் 22 முதல் மீண்டும் 5. நல்லது. ஆனால் ஒரு குக்கிராமம் தானே கம்பி இழுத்து இரவில் விளக்கெரிக்க வேண்டுமானால் பேனல் மட்டும் போதாது, பாட்டரி வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றவும் வேண்டும். அந்தப் பாட்டரிக்கு வரி 18 சதவீதம்! சிறு மின்நிலையங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்தச் செலவில்தான்.

பெங்களூரில் வாடகை வீட்டிலும் ஷெட்டிலும் வாழும் நமக்கு, 2024-ல் வந்த கூரை சோலார் மானியம் 78,000 ரூபாயும் எட்டாது. கூரை வீட்டுக்காரருடையது.

வரி கட்டாத ஊராட்சிக்கும் கூட்டுறவுக்கும், மில்லுக்குக் கிடைக்கும் தொகைக்கு ஈடாக ரொக்க மானியமோ வட்டிக் கழிவோ தரவேண்டும் என்று நம் சங்கம் மனு தயாரித்துள்ளது. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அது வாசிக்கப்படும். பாட்டரி வரியை முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறோம். கையெழுத்திட வீட்டுப் பெண்களும் வரவேண்டும். மின்வெட்டில் சமைப்பவர்கள் அவர்கள்தானே.