ஐசியூவில் நோயாளியை எழுப்பி உட்கார வைப்பது யார் வேலை?

"ஐசியூல கிடக்குற மனுஷனைப் போய் எழுப்பி உட்கார வைக்கிறீங்களே, ஈவு இரக்கமே இல்லையா?"

நோயாளிகளோட சொந்தக்காரங்க எங்ககிட்ட அடிக்கடி கோபமா கேக்குற கேள்வி இது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க மக்களே.

படுத்தே கிடந்தா தசை கரையும். 2013ல் வெளியான ஒரு இங்கிலாந்து ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் தொடைத் தசை பத்தே நாளில் கிட்டத்தட்ட 18% மெலிந்திருந்தது. உயிர் பிழைச்சு வீட்டுக்குப் போறவர் பாத்ரூமுக்கு எழுந்து போக முடியாம தவிக்க இதுவும் ஒரு முக்கிய காரணம்.

எங்க விருதுநகர் மாவட்டத்துல இதுக்கு இன்னொரு முகமும் இருக்கு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். ஊர் பேரைச் சொன்னாலே இங்க எல்லாருக்கும் தெரியும். பட்டாசு விபத்துல இறந்தவங்க எண்ணிக்கை செய்தியில வரும். பிழைச்சவங்களுக்கு முழங்கை மடங்கினபடியே இறுகிப்போனது வராது.

தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி இழுக்கும். கையை மடக்கி, கழுத்தைக் குனிஞ்சு படுத்தாதான் வலி குறையும். ஆனா வலி குறையுற அந்த நிலையிலேயே மூட்டு இறுகிடும். (கழுத்து வெந்தவங்களுக்குத் தலையணை வேணாம்னு நாங்க சொல்றது இதுக்குத்தான்.) திரி செருகி, பெட்டி ஒட்டிப் பிழைக்குறவருக்கு விரல் மடங்கலைன்னா வருமானமே போச்சு.

சீக்கிரம் அசைய வைச்சா பலன் உண்டா? 2009ல் வெண்டிலேட்டரில் இருந்த 104 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஆரம்பத்திலேயே உடற்பயிற்சி தொடங்கியவர்களில் 59% பேர் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்யும் நிலையில் டிஸ்சார்ஜ் ஆனார்கள். மற்ற குழுவில் 35%. அதுக்காக ஓட வைக்கணும்னு இல்லை. 2022ல் 750 பேரிடம் வழக்கத்தைவிட அதிகமா அசைய வைத்துப் பார்த்ததில் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது. பிரஷர், ஆக்சிஜன் பார்த்து அளவாத்தான் செய்யணும்.

இதெல்லாம் சிஸ்டர்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நல்லாவே தெரியும். அப்புறம் ஏன் நடக்கலை? சிலர் உடனே சோம்பேறித்தனம்னு சொல்லிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்லை.

நோயாளியை உட்கார வைக்கும்போது டியூப் உருவிட்டா சிஸ்டருக்கு மெமோ வரும். படுக்கையிலேயே விட்டு மூட்டு இறுகினா யாருக்கும் மெமோ வராது. இந்தக் கணக்குல யாரா இருந்தாலும் தொடாமத்தான் இருப்பாங்க. சுவத்துல போஸ்டர் ஒட்டி, வகுப்பு எடுத்து இதை மாத்த முடியாது.

"இன்னைக்குக் கட்டில் ஓரத்துல உட்காரலாம்"னு கேஸ் ஷீட்ல டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடணும். முதல் தடவை டாக்டரே டியூபைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கணும். அரை மணி நேரம் முன்னாடியே வலி மருந்து போயிருக்கணும். பிசியோதெரபிஸ்ட் கூப்பிட்டா வர்றவரா இல்லாம, தினமும் ரவுண்ட்ஸ்ல இருக்கணும்.

இன்னொண்ணு. ஐசியூ ஊழியர்கள் பாக்குறது ஸ்ட்ரெச்சர்ல போறவங்களை மட்டும்தான். நடந்து வர்றவங்களைப் பாக்குறதே இல்லை. ரிவியூவுக்கு வர்றவரை ஐசியூ வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து காட்டுங்க. செலவே இல்லை.

உங்க வீட்டு ஆள் ஐசியூல இருந்தா டாக்டர்கிட்ட தினமும் கேளுங்க: "இன்னைக்கு எவ்வளவு அசையலாம்?" தோல் ஒட்டின இடத்தைச் சில நாள் அசைக்கவே கூடாதுன்னு சொல்வோம். அதனால கேக்காம நீங்களா மட்டும் தூக்கி உட்கார வச்சிடாதீங்க.