செம்பும் எழுத்தும் கற்பிக்கும் பாடம்

இன்றைய உலகம் அறிவியல் உலகம் என்கிறோம். காலையில் கையில் எடுக்கும் குவளை முதல் இரவில் அணைக்கும் விளக்கு வரை நாம் புழங்கும் ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருவர் எண்ணி வடிவமைத்திருக்கிறார். அவ்வாறு வடிவமைப்போர்க்குக் கணக்கும் இயற்பியலும் போதும், கலையும் மொழியும் வரலாறும் எதற்கு என வினவுவோர் உளர். அவர்கள் கருத்து நமக்கு உடன்பாடன்று.

1919ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளியில், பால் கிளே, கண்டின்ஸ்கி ஆகிய ஓவியர்கள் ஆசிரியர்களாக விளங்கினர். நெசவும் தச்சும் உலோக வேலையும் ஓவியமும் அங்கு ஒன்றாகப் பயிலப்பட்டன. நாஜியரின் நெருக்கடியால் 1933இல் பள்ளி மூடப்பட்டது. அதன் கல்விநெறியோ உலகெங்கும் பரவியது.

நம் நாட்டிற்கும் இத்தகைய வரலாறு உண்டு. இந்திய அரசின் அழைப்பை ஏற்று வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். அவர்கள் பெரிதும் வியந்து போற்றிய பொருள் எது? எளிய லோட்டா, நாம் செம்பு என்போமே, அதுதான்! நிறைந்திருக்கும்போதும் வெறுமையாய் இருக்கும்போதும் அதன் ஈர்ப்பு மையம் எங்கே அமைகிறது? இடுப்பிலும் உள்ளங்கையிலும் எவ்வாறு பொருந்துகிறது? மற்றொரு கலத்தில் மோதினால் எவ்வாறு ஒலிக்கிறது? இவ்வாறெல்லாம் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். முதல் வினாவிற்கு இயற்பியல் விடை கூறும். நீர் சுமக்கும் பெண்ணின் வாழ்வை அறியாதார் இரண்டாம் வினாவை எழுப்பவும் மாட்டார். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 2010இல் நடுவணரசு ஏற்ற ரூபாய்க் குறியீட்டை உருவாக்கிய உதயகுமார் கட்டடக்கலை பயின்றவர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் அச்செழுத்துக் கலையை ஆய்ந்தவர். தமிழ் எழுத்தைக் கணினியில் வடிப்பவர்க்கு வளைகோட்டின் கணிதம் தெரிந்திருக்க வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படாமையும், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தமும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை அறிந்து மற்றொன்றை அறியாதார் செய்யும் எழுத்து, கண்ணுக்கோ கருத்துக்கோ இடர் தரும்.

இதற்காக அறிவியல் மாணவர்க்கு வாரம் ஒருமணி கவிதை வகுப்பு வைத்தால் போதுமா? போதாது. சட்டைக்குப் பூவேலை செய்வது போன்றதே அது. இரு துறையினரும் ஒரே சிக்கலை ஒன்றாக எதிர்கொள்ள வேண்டும். மருந்துறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எத்தனை வேளை உண்பது என்பதை மங்கிய கண்ணுடைய மூதாட்டி தாமே படித்தறிய வேண்டும். வேதியியல் மாணவர் அளவைச் சொல்லட்டும். தமிழ் மாணவர் ஐயத்திற்கிடமில்லாத தொடரை அமைக்கட்டும். கணினி மாணவர் எழுத்தின் பருமனையும் இடைவெளியையும் வகுக்கட்டும். ஒரு சொல் பிறழ்ந்தால் ஓர் உயிருக்கே ஊறு நேரக்கூடும் என்பதை அப்போது மூவரும் உணர்வர். ஆண்டுக்கு இத்தகைய ஒரு கூட்டுப்பணியைத் தொடங்க நம் கல்லூரிகளுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

தமிழ் மாணவர்களே! அளவையும் எண்ணையும் அயலாகக் கருதாதீர்கள். அறிவியல் மாணவர்களே! மொழியை மதிப்பெண்ணுக்குரிய பாடமாக மட்டும் எண்ணாதீர்கள். “தமிழ் படித்து என்ன பயன்?” என வினவும் பெரியோர்களே! மனிதரை அறியாமல் மனிதர்க்கான பொருளைச் செய்தல் இயலுமா எனச் சற்றே எண்ணிப் பாருங்கள்.