கைப்பேசி கேமராவாகவே இருக்கட்டும்



மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் உம்ராவுக்குப் புறப்படும் நம் குடும்பங்களில் பல இன்று தனியே கேமரா கொண்டு செல்வதில்லை. கைப்பேசியே போதும் என்கின்றனர். படத்தின் தரத்தைப் பொறுத்தவரை அது சரியே. குறைந்த ஒளியிலும் பல படங்களை ஒன்றிணைத்துத் தெளிவான காட்சியைத் தருகிறது, தனிச் சுமையுமில்லை.

ஆயினும் கைப்பேசி வெறும் கேமரா அன்று. எடுத்த கணமே ஊருக்கெல்லாம் அறிவிக்கும் கருவியும் அதுவே. நம் கண்டனம் கேமராவின் மீதன்று. அந்த அவசர அறிவிப்பின் மீதே.

எகிப்திய இராணுவ அதிகாரி முஹம்மது சாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்தார். அவை இன்று வரலாற்று ஆவணங்கள். பின்னர் வந்த பிலிம் சுருளில் 36 படங்களே அடங்கும். அவற்றைக் காண ஊர் திரும்பும்வரை பொறுத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு பயணியின் உள்ளத்தைப் பயணத்திலேயே நிறுத்தியது. இன்றோ தவாஃபின் நடுவே கை உயர்கிறது. நாவில் துஆ நின்றுபோகிறது. கண் விருப்பக்குறிகளை எண்ணுகிறது. அல்லாஹ்வுக்கென வைத்த நிய்யத்தில் மனிதரின் பாராட்டும் பங்கு கேட்குமானால், அதற்கு ரியா என்பதன்றி வேறென்ன பெயர்?

வழிபடுவோருக்கு இடையூறு நேர்கிறது என்பதாலேயே 2017 நவம்பரில் சவூதி அரசு இரு புனிதப் பள்ளிவாசல்களிலும் படமெடுக்கத் தடை விதித்தது. அதன் பின்னரும் கைகள் தாழவில்லை. காவலர் தடுத்தால்தான் நிறுத்துவோம் என்பது இறையச்சம் ஆகுமா?

இவ்வழக்கம் மக்காவோடு முடிவதுமில்லை. ரங்கநாதன் தெருவின் பெருநாள் நெரிசலிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் நாம் எடுத்துப் பரப்பும் படங்களில் அறிமுகமற்ற பெண்களும் பிள்ளைகளும் இருக்கின்றனர். பிறர் இல்லத்தினுள் நுழையுமுன் அனுமதி கோருமாறு திருக்குர்ஆன் (24:27) கற்பிக்கிறது. வாசலுக்குரிய அவ்வொழுக்கம் முகத்துக்கு வேண்டாமா?

"வீட்டிலிருக்கும் வயதான உம்மா பார்க்க வேண்டாமா?" என்பர். வேண்டும்தான். தவாஃபை முடித்து, அறைக்குத் திரும்பி, அவருக்கு மட்டும் அனுப்பலாமே! உம்மா காண்பதற்கு ஊரிலுள்ள வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்தும் எதற்கு?

இணையத்தை அணைத்தாலும் கேமரா இயங்கும்; ஆகவே அணைத்துவிடுங்கள். படக்கோப்பில் எடுத்த இடமும் பதியக்கூடும். அந்த வசதியையும் நிறுத்துங்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை அந்நியருக்கு நாமே அறிவிக்க வேண்டியதில்லை. வழிபாட்டின்போது கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். பிறர் முகம் தெரியுமானால் கேட்டு எடுங்கள்; இல்லையேல் அழித்துவிடுங்கள். ஊர் திரும்பியபின் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்து மகிழுங்கள்.

நம் பயணங்களையும் அவற்றின் நிய்யத்தையும் அல்லாஹ் தூய்மையாக்கி ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.